மகிழங்கன்றும் கூடைக்குள் ஒரு கிழங்கும்

கூச்சப்படுகிறவர்களை ஊரில் நல்லவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. நாங்கள் வாயைத் திறக்காததால் நடந்த கெடுதல்கள் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். என்னுடையது ஒன்று தெரிந்துபோனது. அதுவும் நாற்றமடித்துத் தெரிந்துபோனது.

நான் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிறேன். படிப்பு பத்தாம் வகுப்பு. மலையிலிருந்து மூட்டையில் வரும் காயைச் சலித்துத் தரம் பிரிப்பது என் வேலை. நாலு காயைக் கையில் உருட்டிப் பார்த்தால் எந்தப் பக்கத்துக் காய், சரியாக உலர்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவேன். (கேட்டால்தான் சொல்வேன். அதுவும் மெதுவாக.)

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்ன வீடு கட்டினோம். இரண்டு அறை, ஒரு சமையலறை. வாசலுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் எட்டடிக்குப் பத்தடி மண் தரை மிச்சம். அதில் சிமெண்ட் போட வேண்டாம், தோட்டம் வைக்கலாம் என்றாள் என் மனைவி செல்வி. அவள் பிறந்து வளர்ந்தது மேலே, பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில். அங்கே அவர்கள் குடியிருந்த லயத்து வாசலில் டேலியா பூக்குமாம். சாப்பாட்டுத் தட்டு அளவில், சிவப்பும் மஞ்சளுமாக. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் வாய்விட்டு என்னிடம் கேட்டது அந்தப் பூ ஒன்றைத்தான்.

அவளுடைய தம்பி முருகேசன் மலைக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். காலையில் போடியிலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவான், சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவான். "அக்காவுக்கு டேலியாக் கெழங்கு நான் கொண்டாறேன். வேற யாருட்டயும் கேக்கப்படாது" என்று உத்தரவு போட்டுவிட்டான்.

ராசிங்காபுரத்திலிருந்து என் அக்கா போன் செய்யும் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். சொந்தமாக வெள்ளாமை பார்க்கிறவள். அவளுக்குப் போன் தேவையில்லை, ராசிங்காபுரத்தில் நின்று பேசினாலே போடியில் கேட்கும். ஆனால் அதற்கு முந்தைய ஆறு வருஷமாக அவள் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. காரணம் ஒரு ஜீப்பு.

என் மகள் நித்யாவுக்குத் தேவாரம் பக்கம் மலையடிவாரக் கோவிலில் காது குத்தினோம். விருந்து முடிந்ததும் முருகேசன் தன் ஜீப்பில் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். அக்கா கோவிலிலேயே நின்றுபோனாள். உச்சி வெயிலில் பஸ்சு நிற்கும் இடம் வரைக்கும் நடந்தே போயிருக்கிறாள். "பதினெட்டுப் பேர ஏத்துற ஜீப்புல எனக்கு ஒரு சாணு எடம் இல்லையாக்கும்" என்று அன்றைக்கு ஆரம்பித்தது. செல்வி தரப்பில் வேறு நியாயம்: "கூப்புட்டு விட்டோம், வரமாட்டேன்னுட்டாக. எங்க ஜீப்புல ஏறுறது அவுகளுக்குக் கௌரவக் கொறச்சல்." இரண்டு பேரும் சொல்வது உண்மை. (எப்படி இரண்டுமே உண்மையாகும் என்றால், நடுவில் நான் இருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.)

போனில் அக்கா சொன்னது இதுதான்:

"ஏ தம்பி, வீடு கட்டுறியாமே. ஊருக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"இல்லக்கா..."

"பால் காச்சுறதுக்கு வர்றேன். வந்தா என் கையால வாசல்ல ஒரு மகிழங்கன்னு வைப்பேன். ரெண்டு வருசமாப் பையில போட்டு வளத்து வச்சிருக்கேன். அதுக்கு எடம் இருந்தா வர்றேன். இல்லைன்னா இப்பவே சொல்லிரு."

"இருக்குக்கா."

"நடு மத்தியில வைக்கணும். மரமாகிற சாதி, ஓரத்துல ஒடுக்கப்படாது."

"சரிக்கா."

அன்று சாயங்காலம் செல்வி கேட்டாள், "ஏங்க, அந்த எடம் முழுக்கப் பூவுக்குத்தான? நடுவுல ஒண்ணும் வச்சிராதீக. நெழலு விழுந்தா டேலியா பூக்காது."

"ஆமா செல்வி, முழுக்கப் பூவுக்குத்தான்."

ஒரே இடத்தை ஒரே நாளில் இரண்டு பேருக்குக் கொடுத்தாகிவிட்டது. அக்கா ஆறு வருஷத்துக்குப் பிறகு வருகிறாள். அவள் கன்றுக்கு இடமில்லை என்றால் திரும்பிப் போய்விடுவாள், இனி வரவே மாட்டாள். செல்வியோ பதினெட்டு வருஷத்தில் ஒன்றுதான் கேட்டிருக்கிறாள்.

சரி, எது நல்லது என்று நாமே தரம் பிரித்துவிடலாம், வேலையே அதுதானே என்று நினைத்துக் கடையில் மூட்டையோடு வரும் சீட்டு ஒன்றின் பின்பக்கம் கோடு போட்டு, இந்தப் பக்கம் மரம், அந்தப் பக்கம் கிழங்கு என்று எழுதினேன். மகிழமரம் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். மற்ற மரங்களைப் போல இலை கொட்டி மொட்டையாக நிற்காது. நிழல் உண்டு. பூ சுண்டுவிரல் நகம் அளவுதான், ஆனால் காய்ந்து சருகான பிறகும் வாசம் இருக்கும். குறை என்னவென்றால் ஆமை வேகத்தில் வளரும். நிழலில் நாற்காலி போட்டு உட்கார எனக்கு அறுபது வயதாகிவிடும். டேலியா அப்படியில்லை. வைத்த வருஷமே பூக்கும், தெருவில் போகிறவனை நிறுத்திப் பார்க்க வைக்கும். ஆனால் வாசம் கிடையாது, நிழல் கிடையாது. பூத்து முடிந்ததும் தண்டெல்லாம் காய்ந்துபோய், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் யாரிடமும் பேசாமல் மாசக்கணக்கில் கிடக்கும். (இந்தக் குணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதற்காக ஒரு மார்க் கூடப் போட்டேன்.)

கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் பத்துக்கு ஏழு. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். செல்வி சட்டையைத் துவைத்துவிட்டாள். என் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

பங்குனியில் ஒரு நாள் சாயங்காலம், முருகேசன் கடை வாசலில் ஜீப்பை நிறுத்தி ஒரு சாக்குப்பையை நீட்டினான். என்ஜினைக்கூட அணைக்கவில்லை.

"மச்சான், இந்தாங்க டேலியா. பழைய லயம் இருந்த எடத்துல போயித் தோண்டுனேன். செடியெல்லாம் காஞ்சு போச்சு, குத்துமதிப்பாத்தான் எடுத்தேன். பூவு தாம்பாளம் சைசுல வரும், பாருங்க."

பையைத் திறந்தேன். உள்ளே தேங்காயைவிடப் பெரிதாக, உருண்டையாக, யானைக் காலைப் போல சொரசொரவென்று ஒன்று இருந்தது. நடுவில் குழி. குழிக்குள் இளஞ்சிவப்பாக ஒரு முளை.

அது சேனைக்கிழங்கு.

சந்தேகமே இல்லை. வறுவலாக எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறேன். டேலியாக் கிழங்கை நான் பார்த்ததில்லை. ஆனால் சேனையை எங்கே பார்த்தாலும் தெரியும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஜீப்புக்குள் வேலை முடிந்து வந்த பதினாலு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மச்சான் அப்பிடிப் பாக்குறீக? டவுட்டா?"

"இல்ல மாப்ளே. பெருசா இருக்கு."

"மலைக் கெழங்குல்ல!" என்று கியரைப் போட்டான்.

அங்கேயே அதைக் கொண்டுபோய் வறுத்திருந்தால் விஷயம் ஒரு வேளைச் சோற்றோடு முடிந்திருக்கும். ஆனால் வீட்டுக்குப் போவதற்குள் அவன் செல்விக்குப் போன் பண்ணிவிட்டான். "கெழங்கு வந்துருச்சாமே, வச்சிட்டீகளா?" என்று அவள் கேட்ட முகத்தைப் பார்த்து, மறுநாள் மதியமே புது வீட்டு மண்ணில் அதைப் புதைத்தேன். என் திட்டம் எளிமையானது. மழை விழுந்தால் சேனை குடை மாதிரி ஒரு இலை விடும். அப்போது "டேலியா அழுகிருச்சு போல, இது எப்படியோ வந்திருக்கு" என்று சொல்லிவிடலாம்.

சேனையும் பூக்கும் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அதைப் பூக்க விட்டதில்லை. அதற்குள் குழம்புக்குப் போய்விடும்.

வைகாசி பிறந்து இரண்டு மழை பெய்ததும், மண்ணைப் பிளந்துகொண்டு ஈட்டி மாதிரி ஒன்று வந்தது. இலை மாதிரித் தெரியவில்லை. நான் ஒரு பழைய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, மேலே செங்கல்லை வைத்தேன். செல்வி கேட்டதற்கு, "ஆடு மேஞ்சிரும். பால் காச்சுற அன்னைக்குத் தெறந்து பாத்துக்கலாம்" என்றேன். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். நான் ஏதோ அதிசயம் செய்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். என் ஆயுளில் நான் சொன்ன பொய்களில் அவ்வளவு மரியாதை கிடைத்தது அதற்குத்தான்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. காலை ஆறு மணிக்கு முகூர்த்தம். அக்கா சொன்னபடி வந்துவிட்டாள், இடுப்பளவு மகிழங்கன்றை ஆட்டோவில் நிற்க வைத்துப் பிடித்துக்கொண்டு. பட்டுச்சேலை, கையில் மம்பட்டி. (மம்பட்டி எங்கள் வீட்டில் இருக்காது என்று முடிவு செய்து கொண்டுவந்திருந்தாள்.) செல்வி வாசலுக்கே போய் "வாங்க மதினி" என்றாள். அக்கா "ம்" என்றாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒரு "ம்" என்பது பெரிய விஷயம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கண் கலங்கியது அதனால் மட்டுமல்ல என்று பிறகுதான் தெரிந்தது.

பால் பொங்கியது. எல்லாரும் குலவை போட மூச்சை இழுத்தார்கள். இழுத்தவர்கள் யாரும் குலவை போடவில்லை.

"ஏத்தா செல்வி," என்றாள் அக்கா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எலி கிலி செத்துக் கெடக்கா?"

"புது வீட்டுல எலிக்கு என்ன சோலி மதினி?"

"எலியா இருந்தா நல்லதுன்னு கேட்டேன். இது மாடு செத்த நாத்தமால்ல இருக்கு."

செல்வியின் முகம் சுருங்கிவிட்டது. முருகேசன் உடனே வேட்டியை மடித்துக் கட்டினான். அவன் அக்காள் வீட்டு விசேஷம், அவன் சும்மா இருப்பானா? முதலில் பரண். ஒன்றுமில்லை. பிறகு மொட்டை மாடித் தொட்டி. பல்லி விழுந்திருக்கும் என்று சொல்லி, நிறைத்து வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டான். சமையல்காரர் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினார். "ஏப்பா, நாப்பது பேருக்குச் சோறு வடிக்கணும், தண்ணிய யாருட்டப்பா கேக்குறது?" அதற்குள் முருகேசன் பின்பக்கம் போய், கழிவறைத் தொட்டியின் மூடியை நெம்பித் திறந்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"மச்சான், இன்னும் யாரும் போகாத தொட்டி. வீட்டுலயே நாத்தமில்லாத எடம் இதுதான்."

நான் மெதுவாக வாசல் பக்கம் போனேன். கூடை ஒரு பக்கமாகத் தூக்கி நின்றது. செங்கல் கீழே கிடந்தது. கூடையைச் சுற்றிப் பச்சை ஈக்கள் ஒரு ஊர்வலத்துக்குத் தேவையான அளவு இருந்தன. குனிந்து ஒரு கண்ணால் உள்ளே பார்த்து, ஒரே ஒரு தடவை மூச்சை இழுத்தேன். தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? "இந்தா இங்க இருக்கு" என்று சொல்வான். என் கண்ணுக்கு நாற்பது பேர்தான் தெரிந்தார்கள். மொபெட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன்.

போடிக்காரனுக்கு உலகத்தில் எல்லா நாற்றத்துக்கும் ஒரே மருந்துதான் தெரியும். தரம் பிரித்ததில் ஒதுக்கிய சொத்தைக் காயும் தோலுமாக ஒரு சாக்கு அள்ளி வந்து, பாதியைக் கூடையைச் சுற்றிக் கொட்டினேன். மீதியை ஒரு இரும்புச் சட்டியில் கங்கோடு போட்டுப் புகை மூட்டினேன். நல்ல புகை. காற்றும் வீட்டுப் பக்கம்தான் அடித்தது.

நாற்றம் போகவில்லை. ஏலக்காய் வாசம் அதோடு சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

"யாரோ பொணத்தப் போட்டுப் பாயசம் காச்சுறாங்க," என்றாள் அக்கா.

சமையல்காரர் என்னிடம் வந்து நிதானமாகக் கேட்டார். "அண்ணே, நான் பாயசத்துல ஏலக்காய் போடட்டுமா, இல்ல இதே போதுமா?"

அப்போதுதான் அக்கா எழுந்தாள். கன்றை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"தம்பி, நான் கெளம்புறேன். அன்னைக்கும் மதிக்கல, இன்னைக்கு வந்தா வீடும் சரியில்ல. கெட்ட வாடை அடிக்கிற எடத்துல நான் மரம் வைக்க மாட்டேன்."

செல்வி பால் சட்டியைப் பிடித்தபடி நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ராசிங்காபுரம் முழுக்க இனி தன் வீட்டு நாற்றம்தான் பேச்சாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அக்கா கேட் வரைக்கும் போய்விட்டாள்.

நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். நாற்பது பேரும் பார்த்தார்கள்.

"அக்கா."

"என்னடா?"

"கூடை."

"என்ன கூடை?"

"அந்தக் கூடையத் தூக்கு."

என் வாழ்க்கையிலேயே நான் கூட்டத்தில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அக்கா கன்றைக் கீழே வைத்துவிட்டு, கூடையைத் தூக்கினாள். உள்ளே வாணலி அகலத்துக்கு, ஓரமெல்லாம் சுருங்கிக்கொண்டு, வேகவைத்த ஈரல் நிறத்தில் ஒரு பூ. நடுவில் பீட்ரூட்டைப் பிசைந்து பிடித்த மாதிரி ஒரு கொண்டை. சைசு விஷயத்தில் முருகேசன் பொய் சொல்லவில்லை. தாம்பாளம்தான்.

"அடக் கூறுகெட்டவனே," என்றாள் அக்கா, "இது சேனைப் பூவுடா!"

"டேலியா..." என்று இழுத்தான் முருகேசன்.

"நீ சும்மா இருப்பா. ஏன்டா தம்பி, இத நட்டது யாரு?"

"நான்தான்க்கா."

"நடும்போது தெரியலையா? ஏலக்காயத் தொட்டே அது பொறந்த ஊரு சொல்லுவியே?"

"தெரியும்க்கா."

"தெரியுமா?" இதைக் கேட்டது செல்வி. "தெரிஞ்சேவா நட்டீக? அப்ப ஏன் சொல்லல?"

"ஜீப்புல ஆளு இருந்தாங்க."

பிறகு அக்கா செல்வியைப் பார்த்தாள். செல்வி அக்காவைப் பார்த்தாள்.

"இவன் சின்னதுலருந்தே இப்பிடித்தான்த்தா," என்றாள் அக்கா. "போடியில எறங்குறதுக்குக் கண்டக்டர்ட்டச் சொல்ல வெக்கப்பட்டுட்டு, முந்தல் வரைக்கும் போயி நடந்து வந்தவன்."

"எங்க கல்யாணத்துல சாம்பார்ல உப்பே இல்ல மதினி. பரிமாறுனவுக வேணுமான்னு கேட்டாகன்னு மூணு தடவ வாங்கிச் சாப்ட்டாரு. அன்னைக்கே நான் சுதாரிச்சிருக்கணும்."

இரண்டு பேரும் பந்தலில் கிடந்த ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பூவை மறந்துவிட்டார்கள். என் முழுச் சரித்திரமும் நாற்பது பேர் முன்னிலையில் வெளியே வந்தது. நான் புகைச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். திடீரென்று செல்வி நிறுத்தினாள்.

"மதினி, காதுகுத்து அன்னைக்கு ஜீப்புல உங்களுக்குன்னு முன்சீட்டுப் போட்டு வச்சிருந்தோம். உங்களக் கூட்டியாரச் சொல்லி இவரத்தான் அனுப்புனேன். நீங்க வரலைன்னு சொன்னதா வந்து சொன்னாரு."

"எங்கிட்ட யாரு வந்தா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

(இதுதான் நான் பிறகு சொல்கிறேன் என்றது.) அன்றைக்கு நான் போனேன். அக்கா பத்துப் பதினைந்து பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் நடுவில் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. பேச்சு முடியட்டும் என்று தூண் ஓரமாக நின்றேன். முடியவில்லை. ஜீப்பு ஹாரன் அடித்தது. திரும்பி வந்து "வரலையாம்" என்றேன்.

அதை அப்படியே சொன்னேன். இந்தத் தடவை யாரும் கூடையைத் தூக்க வேண்டியிருக்கவில்லை.

அக்கா கைநீட்டி அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் சிரித்தாள். சிரித்தவள், மூச்சை உள்ளே இழுத்ததும் இருமினாள். செல்வி அவள் முதுகைத் தட்டிவிட்டாள். ஆறு வருஷச் சண்டை அந்த இருமலில் போனது.

முருகேசன் பூவை அறுத்துச் சாக்கில் கட்டி ஜீப்பில் ஊருக்கு வெளியே கொண்டுபோனான். (முன்சீட்டில் வைத்துக் கொண்டுபோனதாக அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். அது உண்மையில்லை.) மரம் நடு மத்தியில் வந்தது. குழியில் முதல் மண்ணை அக்கா போட்டாள், இரண்டாவது மண்ணைச் செல்வியை அழைத்துப் போடச் சொன்னாள். பக்கத்து வீட்டுத் தண்ணீரில் சோறு வெந்தது. பாயசத்தை மட்டும் யாரும் தொடவில்லை. ஏலக்காயில் பிழைக்கிற நான் இன்றைக்கு வரைக்கும் பாயசம் சாப்பிடுவதில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் "கூடையத் தூக்கு" என்றால் வாயைத் திறந்து சொல் என்று அர்த்தம். நான் இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசாமலிருந்தால் போதும், என் மகள் நித்யா கையால் ஒரு கூடையைத் தூக்குவது போலக் காட்டுவாள்.

போன வருஷம் மழைக்கு முன்னால் முருகேசன் மறுபடி ஒரு பையோடு வந்தான். "மச்சான், இந்தத் தடவ ஒரிஜினல் டேலியா." எல்லாரும் வீட்டில் இருந்தார்கள், அக்காவும்தான். பையைத் திறந்து பார்த்தேன். விரல் விரலாக, கொத்தாக இருந்தது. எல்லாரும் பார்க்க, தெளிவாக, சத்தமாகச் சொன்னேன்:

"மாப்ளே, இது சர்க்கரைவள்ளி."

"தூக்கிட்டாரு!" என்று செல்வி கை தட்டினாள். "நெசமாவாடா பேசுன?" என்று அக்கா கன்னத்தைத் தடவினாள். முருகேசன் என்னவோ சொல்ல வந்தான், யாரும் கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் செல்வியே அதைக் கழுவி வேகவைத்தாள். ஆளுக்கு ஒன்று சாப்பிட்டோம். இனிப்பே இல்லை. "மலைக் கெழங்குல்ல, அப்பிடித்தான் இருக்கும்" என்று அக்கா சமாதானம் சொன்னாள்.

சட்டியில் கொள்ளாத ஒரு கிழங்கைச் செல்வி மகிழமரத்து ஓரத்தில் சும்மா ஊன்றி வைத்தாள். மார்கழியில் அது பூத்தது. சிவப்பு. மலையில் தட்டளவு என்றால் போடி வெயிலுக்கு டீ கிளாஸ் வாய் அளவுதான். ஆனால் டேலியா.

செல்வி அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போனை எடுத்தாள்.

"மதினி, உங்க தம்பி பேச்சக் கேட்டு நம்ம தின்னோம்ல, அது பூத்திருக்கு. வெரசா வாங்க."